சுடோ மறுக்கும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

திருப்பூர், கரூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் நடுத்தரக் கம்பெனிகளில் லினக்ஸ் சர்வர் ஓடினால், அதைக் கவனிப்பவருக்கு அது ஒன்று மட்டும் வேலையாக இருக்காது. சிசிடிவி கேமரா, வருகைப் பதிவு மெஷின், பார்கோடு பிரிண்டர், டேலி, அக்கவுண்ட்ஸ் ரூம் மூலையில் இருக்கும் உபுண்டு சர்வர் எல்லாமே ஒரே ஆள் தலையில்தான். அவர் சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனிக்கு மாறிப் போய்விட்டால், அடுத்து வருபவர் கைக்குக் கிடைப்பது ஒரு பழைய நோட்டும் ஒரு பாஸ்வேர்டும். அதை வைத்து சுடோ (சாதாரண பயனரின் கட்டளையை, ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் பெயரில் ஓட்டித் தரும் நிரல்) என்று தொடங்கி ஒரு கட்டளை கொடுத்ததும் மறுப்பு வருகிறது. உடனே யாரோ போனில் சொன்ன 777 என்ற, ஃபைலை எல்லோருக்கும் திறந்துவிடும் அனுமதி எண்ணைப் போட்டு, அல்லது எல்லோருக்கும் பாஸ்வேர்டு இல்லாமல் முழு அதிகாரம் கொடுத்து, அன்றைய வேலையை ஓட்டிவிடுகிறார்கள். இந்தக் குறிப்பை எழுதக் காரணமே அதுதான்.

சுடோ எந்தப் படியில் நின்றது என்பதை அதன் செய்தியிலேயே சொல்லிவிடும். பெயர் பட்டியலில் இல்லை என்பது ஒரு கோளாறு, பெயர் இருக்கிறது ஆனால் அந்தக் கட்டளைக்கு அனுமதி இல்லை என்பது வேறு கோளாறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை. அதனால் கீழே செய்தி வாரியாகவே பிரித்திருக்கிறேன். உங்கள் திரையில் வந்த வரியை முழுதாகப் படித்து, அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியமாகும் இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

தொடுவதற்கு முன்

ரூட் அதிகாரத்தோடு ஒரு செஷன் ஏற்கெனவே திறந்திருந்தால் அதை மூடாதீர்கள். எல்லாம் சரியாகி, வேறொரு புதிய ஜன்னலில் லாகின் செய்து சோதித்த பிறகுதான் அதை மூட வேண்டும். அனுமதிக் கோளாறில் ஆட்கள் முழுதாக வெளியே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவசரத்தில் அந்த ஒரு ஜன்னலை மூடியதால்தான்.

அடுத்து, எந்த லினக்ஸ் என்று பாருங்கள். கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் போதும். உபுண்டு, டெபியன் குடும்பத்தில் நிர்வாகிகளின் குரூப் பெயர் சுடோ. ரெட்ஹேட், ராக்கி, அல்மா குடும்பத்தில் அது வீல். பாதி குழப்பம் ஒரு குடும்பத்துக்கு எழுதிய வழியை இன்னொன்றில் போட்டுப் பார்ப்பதில் வருகிறது. மறுப்புகளின் பதிவு, உபுண்டுவில் /வார்/லாக்/ஆத்.லாக், ரெட்ஹேட்டில் /வார்/லாக்/செக்யூர். இரண்டும் இல்லாவிட்டால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிடைக்கும்.

“இஸ் நாட் இன் த சுடோயர்ஸ் ஃபைல்”

அதிகம் வருவது இதுதான். இதன் வாலில், இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கரூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டு, “ஏனுங்ணா, ரிப்போர்ட் பண்றேன்னு வருதுங்ணா, மொதலாளிக்கு மெயில் போயிருமுங்களா?” என்று கேட்டார். போகாது. லாக்கில் ஒரு வரி விழும். சர்வரில் மெயில் அமைப்பு இருந்தால் ரூட் பெயருக்கு ஒரு மெயில் போகும். அவ்வளவுதான். அனுமதி இல்லாமல் எதையோ திருட முயன்றதாக யாரும் நினைக்கப் போவதில்லை.

சரி, காரணம் என்ன? உங்கள் பெயரோ, நீங்கள் இருக்கும் குரூப்போ சுடோயர்ஸ் ஃபைல் என்ற அனுமதிப் பட்டியலில் இல்லை. ஐடி என்ற கட்டளையை அடித்தால் நீங்கள் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள் என்று காட்டும். அதில் சுடோ அல்லது வீல் இல்லையென்றால், ரூட் அதிகாரம் உள்ள வேறு ஒருவர் உங்களைச் சேர்க்க வேண்டும்:

யூசர்மாட் -ஏஜி சுடோ பயனர்பெயர்

இதில் ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. ரெட்ஹேட் குடும்பமானால் சுடோவுக்குப் பதில் வீல். அந்தச் சின்ன ஏ-யை விட்டுவிடக் கூடாது. ஜி மட்டும் போட்டால் அந்தப் பயனர் இருந்த மற்ற துணைக் குரூப்புகளிலிருந்தெல்லாம் கழன்றுவிடுவார். டாக்கர் குரூப்பிலோ, பில்லிங் ஃபோல்டரின் குரூப்பிலோ இருந்தவர் திடீரென்று தன் ஃபைலைத் திறக்க முடியாமல் நிற்பார். கோளாறு ஒன்று இரண்டாகும்.

டெபியனில் இன்னொரு விஷயம். நிறுவும்போது ரூட்டுக்கு என்று தனியாகப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், முதல் பயனரை அது சுடோ குரூப்பில் சேர்ப்பதில்லை. அப்போது எஸ்யூ மூலம் ரூட்டாகி மேற்கண்ட கட்டளையைக் கொடுக்க வேண்டும். எஸ்யூ என்று மட்டும் அடித்தால் டெபியன் 10 முதல் உங்கள் பழைய பாதையே தொடரும். யூசர்மாட் இருக்கும் எஸ்பின் ஃபோல்டர் அதில் இருக்காது. கட்டளையே இல்லை என்று சொல்லும். எஸ்யூ, ஒரு இடைவெளி, ஒரு கோடு: அப்படி அடித்தால் ரூட்டின் முழுச் சூழலும் கிடைக்கும்.

குரூப்பில் சேர்த்த பிறகும் அதே மறுப்பு வருகிறதா? லாக் அவுட் செய்து மறுபடி லாகின் செய்யுங்கள். குரூப் பட்டியல் லாகின் நேரத்தில்தான் செஷனுக்கு ஏறும். ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள்: எஸ்எஸ்ஹெச்-ஐ (வேறு மெஷினிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்யும் வழி) மூடித் திறந்தாலும் உள்ளே ஓடும் பழைய டிமக்ஸ் பழைய குரூப்புகளோடுதான் இருக்கும். அதையும் முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

“சாரி, யூசர் இஸ் நாட் அலவுடு டு எக்ஸிகியூட்”

இங்கே பெயர் பட்டியலில் இருக்கிறது. அடித்த கட்டளைதான் பட்டியலில் இல்லை. முதல் வேலை, சுடோ -எல். சின்ன எல். உங்களுக்கு என்னென்ன அனுமதி என்று வரி வரியாகக் காட்டும். ரூட்டாக இருந்தால் சுடோ -எல் -யூ பயனர்பெயர் போட்டு (இங்கே யூ பெரிய எழுத்து) வேறொருவருக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர் பிரிண்டர் அடிக்கடி நின்றுவிடும். கன்டெய்னர் ஏற்றும் நாளில் அதற்காக ஐடி ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பேக்கிங் சூப்பர்வைசருக்கு, பிரிண்ட் சேவையான கப்ஸை ரீஸ்டார்ட் செய்யும் அனுமதி மட்டும் கொடுத்திருந்தார்கள்:

பேக்கிங் ஆல்=(ரூட்) /யூஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கப்ஸ்

ஆல் மட்டும் பெரிய எழுத்தில். அருமையான வரி, இப்படித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் சூப்பர்வைசர் அடித்தது, கப்ஸ்.சர்வீஸ். மறுப்பு வந்துவிட்டது. சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி-க்கு இரண்டும் ஒன்றுதான், சுடோவுக்கு அப்படியில்லை. கட்டளையின் பின்னால் வரும் சொற்களை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். தீர்வு, சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ரூட் பெயரில் வைத்து, அந்த ஸ்கிரிப்டுக்கு அனுமதி கொடுப்பது. சூப்பர்வைசர் ஒரே ஒரு சொல்லை அடித்தால் போதும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுவார்கள்: ரீஸ்டார்ட் என்று எழுதி, பின்னால் ஒரு நட்சத்திரம். வேண்டாம். அந்த நட்சத்திரம் இடைவெளியையும் சேர்த்தே விழுங்கும். பின்னால் எத்தனை சொல் வந்தாலும் பொருந்திவிடும். அதேபோல விஐ, லெஸ் மாதிரியான நிரல்களுக்குச் சுடோ அனுமதி கொடுப்பது, ரூட்டையே கொடுப்பதற்குச் சமம். அவற்றுக்குள் இருந்தே ஒரு ஷெல்லைத் திறந்துவிடலாம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்கூட, சிஸ்டம்டி 247-க்கு முந்தைய பதிப்புகளில், நீண்ட வெளியீட்டை லெஸ்ஸில் காட்டும்போது இதே ஓட்டையைத் திறந்து வைத்திருந்தது. ஒரு ஃபைலைத் திருத்த மட்டும் அனுமதி வேண்டுமானால் சுடோஎடிட் இருக்கிறது. அது ஃபைலை நகலெடுத்து, உங்கள் சொந்த அதிகாரத்தில் எடிட்டரைத் திறந்து, முடித்தபின் திரும்ப வைக்கும்.

வரிகளின் வரிசையும் முக்கியம். ஒரே பயனருக்கு இரண்டு வரி பொருந்தினால் கடைசியாகப் பொருந்தும் வரியே செல்லும். பேக்கப் ஸ்கிரிப்டுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம் என்று மேலே எழுதிவிட்டு, கீழே சுடோ குரூப்புக்கான பொது வரி இருந்தால், அந்தக் குரூப்பில் உள்ளவரிடம் பாஸ்வேர்டு கேட்கத்தான் செய்யும். “நோபாஸ்வேர்டு போட்டிருக்கேனுங்க, இன்னும் கேக்குதுங்க” என்று வரும் கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. பாஸ்வேர்டு தேவையில்லை என்று சொல்லும் அந்தக் குறிச்சொல், ஃபைலில் ‘நோ பாஸ்’ என்பதன் பின்னால் டபிள்யூ, டி மட்டும் சேர்த்து, இடைவெளியில்லாமல், எல்லாம் பெரிய எழுத்தில் எழுதப்படும். குறிப்பிட்ட வரி பொதுவரிக்குக் கீழே வர வேண்டும்.

புதிய வரி எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை

பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் நீங்கள் எழுதிய விதி இருப்பதாகவே சுடோ காட்டிக்கொள்ளவில்லை. /ஈடிசி/சுடோயர்ஸ்.டி ஃபோல்டருக்குள் நீங்கள் வைத்த ஃபைலின் பெயரைப் பாருங்கள். பெயரில் புள்ளி இருந்தாலோ, கடைசியில் அலைக்கோடு இருந்தாலோ சுடோ அதைப் படிக்காமல் தாண்டிவிடும். பேக்கிங்.கான்ஃப் என்று வைத்திருந்தால் வெறும் பேக்கிங் என்று மாற்றுங்கள். இதில் நாள் கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம், முதன்மை ஃபைலின் கடைசியில் இருக்கும் இன்க்ளூட்-டிர் வரி. பழைய சர்வர்களில் அது # குறியோடு தொடங்கும். கமெண்ட் என்று நினைத்து யாராவது அழித்திருப்பார்கள். அது கமெண்ட் இல்லை, அந்த ஃபோல்டரைப் படிக்கச் சொல்லும் வரி. சுடோ 1.9.1 முதல் இந்தக் குழப்பம் தீர, முன்னால் அட் குறி போட்டு எழுதும் வழக்கம் வந்தது.

“சின்டாக்ஸ் எரர்” அல்லது “பார்ஸ் எரர்”

விசுடோ (சுடோயர்ஸ் ஃபைலைத் திருத்தவென்றே உள்ள கட்டளை) இல்லாமல் நானோவிலோ விம்மிலோ நேராக சுடோயர்ஸ் ஃபைலைத் திறந்து எழுதினால் வருவது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் போதும். போனில் வந்த வரியை அப்படியே ஒட்டுவதும் ஆபத்து. போன் கீபோர்டுகள் இரட்டைக் கோட்டை நீளக் கோடாகவும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் மாற்றிவிடும். கண்ணுக்குச் சரியாகவே தெரியும், சுடோவுக்குப் புரியாது. புதிய பதிப்புகள் தவறான வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் படித்துக்கொள்ளும். பழையவை முழுதாக நின்றுவிடும். யாருக்கும் சுடோ வேலை செய்யாது.

ரூட் ஜன்னல் ஒன்று திறந்திருந்தால் விசுடோ -சி அடியுங்கள். எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று காட்டும். திருத்திவிடலாம்.

ரூட் ஜன்னல் இல்லை, ரூட் பாஸ்வேர்டும் தெரியாது என்றால், சர்வரில் பிகேஎக்ஸெக் இருக்கிறதா என்று பாருங்கள். சுடோவைச் சாராமல் தனியாக இயங்கும் அனுமதி வழி அது. நிர்வாகக் குரூப்பில் நீங்கள் இருந்தால், பிகேஎக்ஸெக் விசுடோ என்று கொடுத்துத் திருத்தலாம். எஸ்எஸ்ஹெச் வழியாக இது அடிக்கடி சிணுங்கும். அப்போது இரண்டு ஜன்னல் திறந்துகொள்ளுங்கள். முதல் ஜன்னலில் எக்கோ என்று அடித்து இரண்டு டாலர் குறி போட்டால் ஒரு எண் வரும். இரண்டாவது ஜன்னலில் பிகேடிடிஒய்ஏஜென்ட் -பி என்று அடித்து அந்த எண்ணைக் கொடுங்கள். இப்போது முதல் ஜன்னலுக்குத் திரும்பி பிகேஎக்ஸெக் விசுடோ கொடுத்தால், பாஸ்வேர்டு கேள்வி இரண்டாவது ஜன்னலில் வரும். பதில் சொன்னதும் முதல் ஜன்னலில் ஃபைல் திறக்கும். இதற்காக யாரும் வண்டி எடுத்துக்கொண்டு சர்வர் ரூமுக்கு ஓட வேண்டியதில்லை.

அதுவும் இல்லையென்றால் ஓடத்தான் வேண்டும். உபுண்டுவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்து, கிரப் பட்டியலில் ரிகவரி மோடுக்குப் போய் ரூட் ஷெல்லைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் எழுத முடியாத நிலையில் இருந்தால், மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று கொடுத்த பிறகு விசுடோ. சர்வர் கிளவுடில் இருந்தால் சீரியல் கன்சோல், அல்லது அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டித் திருத்துவது.

விசுடோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தவறோடு சேமிக்கப் பார்த்தால் அது தடுத்து, என்ன செய்யலாம் என்று கேட்கும். இ அமுக்கினால் மறுபடி திருத்தலாம், எக்ஸ் அமுக்கினால் சேமிக்காமல் வெளியே வரலாம். பெரிய க்யூ அமுக்கினால் தவறோடேயே சேமித்துவிடும். வெளியே வரும் பழக்கத்தில் கை க்யூவுக்குப் போகும். அங்கே நிதானம் வேண்டும்.

“மஸ்ட் பி ஓன்டு பை யூஐடி 0”

இந்தச் செய்தியைப் பார்த்தால், யாரோ சிஎச்மாட் (அனுமதியை மாற்றுவது) அல்லது சிஎச்ஓன் (சொந்தக்காரரை மாற்றுவது) கட்டளையை மேலிருந்து கீழ்வரை மொத்தமாக ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு பிஎச்பி அப்ளிகேஷன் ஒரு ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்று தொடங்கியிருக்கும். யாரோ -ஆர் 777 போடச் சொல்லியிருப்பார்கள். ஃபோல்டர் பாதையின் முதல் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடிப்போய், கட்டளை மொத்த டிஸ்க்குக்கும் போயிருக்கும்.

முதலில் செய்யக் கூடாதது: லாக் அவுட் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். ஈடிசி ஃபோல்டர் 777 ஆகியிருந்தால் எஸ்எஸ்ஹெச் சர்வரின் ரகசியச் சாவிகளும் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். அந்த நிலையில் எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவிகளை ஏற்காது. இப்போது திறந்திருக்கும் ஜன்னல்தான் உங்களுக்கு மிச்சம்.

சுடோ நிரல் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அதில் செட்யூஐடி என்ற சிறப்பு பிட் இருக்க வேண்டும். அந்த பிட் இருப்பதால்தான் நீங்கள் ஓட்டினாலும் அது ரூட்டாக ஓடுகிறது. சாதாரண பயனராக உங்களால் இதைத் திருத்த முடியாது. பிகேஎக்ஸெக்கும் அதே பிட்டை நம்பித்தான் இயங்குகிறது, எனவே பெரும்பாலும் அதுவும் செத்திருக்கும். எஸ்யூவுக்கும் அதே கதி. ரூட் ஜன்னல் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் மேலே சொன்ன ரிகவரி மோடு. ரூட்டானதும்:

சிஎச்ஓன் ரூட்:ரூட் /யூஎஸ்ஆர்/பின்/சுடோ
சிஎச்மாட் 4755 /யூஎஸ்ஆர்/பின்/சுடோ

இந்த வரிசையில்தான். மாற்றிப் போட்டால், சொந்தக்காரரை மாற்றும்போது செட்யூஐடி பிட் அழிந்துவிடும். ரெட்ஹேட்டில் சுடோ 4111 அனுமதியோடு வரும், அதையே போடுங்கள். சுடோயர்ஸ் ஃபைல் வேர்ல்டு ரைட்டபிள் என்ற புகார் சேர்ந்து வந்தால் அந்த ஃபைலுக்கு 0440, சொந்தக்காரர் ரூட்.

ஆனால் சுடோ எழுந்துவிட்டதால் சர்வர் சரியாகிவிடவில்லை. பாஸ்வேர்டு மாற்றும் நிரல், மவுண்ட், எஸ்யூ, எஸ்எஸ்ஹெச் சாவிகள் எல்லாம் கலைந்திருக்கும். ரெட்ஹேட் குடும்பத்தில் ஆர்பிஎம்-க்கு ஒவ்வொரு ஃபைலின் அசல் அனுமதியும் தெரியும். ஆர்பிஎம் -ஏ --செட்யூஜிஐடிஸ், பிறகு ஆர்பிஎம் -ஏ --செட்பெர்ம்ஸ் என்ற இரண்டும், பேக்கேஜ்கள் வைத்த ஃபைல்களைப் பெருமளவு மீட்டுவிடும். டெபியன், உபுண்டுவில் அந்த வசதி இல்லை. பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்ய வேண்டும். மொத்த டிஸ்க்கும் 777 ஆகியிருந்தால், டேட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதே என் பரிந்துரை. சம்பளக் கணக்கும் பையர் ஆர்டரும் இருக்கும் மெஷினில், எந்த ஃபைல் யாருக்குத் திறந்து கிடக்கிறது என்ற சந்தேகத்தோடு ஓட்டக் கூடாது.

பாஸ்வேர்டு சரிதான், ஆனால் ஏற்கவில்லை

சுடோ கேட்பது ரூட்டின் பாஸ்வேர்டு இல்லை, உங்களுடையது. ஓப்பன்சூசேயின் பல பதிப்புகள் இதில் மாறுபட்டு ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்பு.

உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ்99 கீபோர்டு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பது தெரியாததால் தமிழ் எழுத்துகள் போய்க்கொண்டிருப்பது புரியாது. அடுத்தடுத்துத் தவறினால், ஃபெயில்லாக் இயக்கப்பட்ட ரெட்ஹேட் சர்வரில் கணக்கே பூட்டிக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 3 தவறுக்கு 600 விநாடி பூட்டு. ரூட்டாக இருப்பவர் ஃபெயில்லாக் --யூசர் பயனர்பெயர் --ரீசெட் கொடுத்து விடுவிக்கலாம். அல்லது ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

சர்வர் விண்டோஸ் டொமைனில் சேர்ந்திருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மெஷினில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், கரண்ட் போய் வந்ததும் நேரம் எங்கோ போயிருக்கும். டொமைனில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. டேட் என்று அடித்துப் பார்த்து, நேரத்தைச் சரிசெய்தால் பாஸ்வேர்டு தானாக ஏற்கப்படும்.

“கமாண்ட் நாட் ஃபவுண்ட்”, ஆனால் சுடோ இல்லாமல் ஓடுகிறது

சுடோ உங்கள் பாத் மாறியைப் பயன்படுத்தாது. சுடோயர்ஸில் செக்யூர்-பாத் என்று இருக்கும் சிறிய பட்டியலில் மட்டும் தேடும். /ஆப்ட் ஃபோல்டரில் வைத்த நிரல் அதில் இருக்காது. முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டுங்கள், போதும். உங்கள் ஏலியாஸ்களும் அங்கே செல்லாது. ப்ராக்ஸி மாறிகளும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அலுவலக ப்ராக்ஸி வழியாக வெளியே போகும் சர்வரில் பதிவிறக்கம் சுடோவோடு மட்டும் தோற்பது இதனால்தான். சுடோ சிடி என்று அடிப்பதும் பயனில்லை, சிடி தனி நிரல் கிடையாது, ஷெல்லின் உள்வேலை.

சுடோ போட்டும் “பெர்மிஷன் டினைடு”

முதல் சந்தேகம், அம்புக்குறி (>). சுடோ எக்கோ என்று தொடங்கி, அம்புக்குறி போட்டு ஈடிசி-க்குள் ஒரு ஃபைலில் எழுதப் பார்த்தால் மறுக்கும். எக்கோதான் ரூட்டாக ஓடுகிறது. ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல், உங்கள் அதிகாரத்தில். எக்கோவை சுடோ இல்லாமல் அடித்து, குழாய்க்குறி (|) போட்டு, சுடோ டீ -ஏ என்று ஃபைல் பெயரைக் கொடுங்கள். அந்த -ஏ விட்டுப்போனால் ஃபைலில் இருந்ததெல்லாம் போய் உங்கள் ஒரு வரி மட்டும் இருக்கும்.

அம்புக்குறி இல்லாமலும் மறுத்தால், ரூட்டுக்கு மேலே ஒரு பூட்டு இருக்கிறது. ஃபைல் நெட்வொர்க் ஸ்டோரேஜில் இருக்கிறதா? என்எஃப்எஸ் வழக்கமாக ரூட்-ஸ்குவாஷ் அமைப்போடு வரும். உங்கள் சர்வரின் ரூட், அங்கே போனதும் யாருமில்லாத நோபடி ஆகிவிடுவார். அந்தப் பாதுகாப்பைக் கழற்றாமல், பேக்கப்புக்கு என்று ஒரு பயனரை வைத்து அவருக்கு ஃபோல்டரைச் சொந்தமாக்குங்கள். உள்ளூர் ஃபைல் என்றால் எல்எஸ்ஏடிடிஆர் கொடுத்துப் பாருங்கள். ஐ எழுத்து தெரிந்தால் அது அசையாப் பூட்டு. சிஎச்ஏடிடிஆர் -ஐ கழற்றிவிடும். யார், எதற்குப் பூட்டினார்கள் என்று கேட்டுவிட்டுக் கழற்றுங்கள். ரெட்ஹேட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுத்திருக்கலாம். ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட் காரணத்தைச் சொல்லும். பெரும்பாலான நேரம் ரெஸ்டோர்கான் -ஆர்வி அந்த ஃபோல்டரைச் சரிசெய்துவிடும், ஆர் மட்டும் பெரிய எழுத்து. எஸ்இலினக்ஸையே நிரந்தரமாக அணைத்துவைப்பது சரியான வழியல்ல.

ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம் என்று வந்தால் அது அனுமதிக் கோளாறே இல்லை. யூபிஎஸ் பேட்டரி சோர்ந்த இடங்களில் கரண்ட் திடீரென்று போய் வந்தபின் இது வரும். டிஸ்க்கில் பிழை கண்டு கெர்னல் எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் கெர்னலின் செய்திகளைப் பாருங்கள். வலுக்கட்டாயமாக மறுபடி எழுதத் திறக்காமல், முதலில் டேட்டாவை நகலெடுத்து, பிறகு எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள்.

இரவு பேக்கப்பில் “எ டெர்மினல் இஸ் ரிக்வயர்டு”

குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் கிரானின் ஸ்கிரிப்டுக்குள் சுடோ இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்க எதிரில் ஆள் இல்லை. ஸ்கிரிப்டை ரூட்டின் கிரான்டேபுக்கே மாற்றி, உள்ளே இருக்கும் சுடோவை எடுத்துவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் நோபாஸ்வேர்டு. அந்த ஸ்கிரிப்டும், அது இருக்கும் ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக, மற்றவர் எழுத முடியாதபடி இருக்க வேண்டும். பேக்கப் பயனரே திருத்தக்கூடிய ஸ்கிரிப்டுக்கு இந்த அனுமதி கொடுத்தால், அதற்குள் அவர் எதை எழுதினாலும் ரூட்டாக ஓடும். வேறு மெஷினிலிருந்து எஸ்எஸ்ஹெச்-இல் நேராகக் கட்டளை கொடுக்கும்போது இதே செய்தி வந்தால் எஸ்எஸ்ஹெச்-க்கு -டி சேர்த்தால் போதும், அது சின்ன டி.

“அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்”

சர்வரின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மாற்றவில்லை. 127.0.1.1 வரியில் புதிய பெயரை எழுதுங்கள். இந்தச் செய்தி வந்தாலும் கட்டளை பெரும்பாலும் ஓடிவிடும், கொஞ்சம் தாமதமாக.

பதிப்பு

சுடோ -வி அடித்தால் பதிப்பு தெரியும், வி பெரிய எழுத்து. 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓட்டை, பட்டியலில் பெயரே இல்லாத உள்ளூர் பயனரும் ரூட் ஆகலாம் என்ற அளவுக்குப் பெரியது. 2011-லிருந்து நிரலுக்குள் இருந்திருக்கிறது, 1.9.5பி2-இல் அடைத்தார்கள். 2025-இல் சிஎச்ரூட் வசதியில் இன்னொன்று வந்தது, 1.9.14-இலிருந்து 1.9.17 வரை, 1.9.17பி1-இல் சரியானது. டிஸ்ட்ரோக்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் சேர்ப்பதால், எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பேக்கேஜை அப்டேட் செய்துவிடுங்கள். உபுண்டு 25.10 முதல் ரஸ்ட் மொழியில் எழுதிய சுடோ-ஆர்எஸ் இயல்பாக வருகிறது. அதில் செய்திகளின் வாசகம் சற்று மாறும், பழைய சுடோயர்ஸ் வசதிகள் சிலவும் இருக்காது. அந்தப் பதிப்புக்கு ஏற்றும் முன் உங்கள் சுடோயர்ஸ் ஃபைலை ஒரு சோதனை மெஷினில் போட்டு, ஒவ்வொரு பயனருக்கும் சுடோ -எல் பார்த்துக்கொள்ளுங்கள்.